தண்ணியில போன உத்தியோகம்

தேயிலை பெக்டரியில கொழுந்து வாடுற வாசம்... அதோட விறகுப் புகை, பாசித் தண்ணியோட ஈர வாடை. மூணும் சேர்ந்து மூக்குல ஏறினா, வாய்க்கால் பாதைக்கு வந்துட்டோம்னு அர்த்தம்.

லிந்துலைப் பக்கம் எங்க தோட்டம். பெக்டரி டர்பைன் சுத்துறதுக்காக மலையிலேர்ந்து வெட்டின வாய்க்கால் அது. அதோட கரைதான் எங்களுக்கு ரோட்டுக்குக் குறுக்குவழி. ஒரு ஆள் நடக்கத்தான் இடம். எதிர்ல யாராவது வந்தா, ஒருத்தர் தேயிலைக்குள்ள ஏறி நிக்கணும்.

தொண்ணூறுகளோட கடைசி. ஆசிரியர் நியமனத்துக்கு நுவரெலியாவுல நேர்முகப் பரீட்சை. காலை பஸ்ஸை விட்டா அவ்வளவுதான்... பக்கத்து வீட்டு அக்காவோட சாரி, புதுச் செருப்பு. சாரியைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வேகமா நடந்தேன். பாசி வழுக்கி, ஒரு செருப்பு தண்ணியில.

மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அம்மா பார்த்துட்டாங்க. கூடையை இறக்கி வச்சிட்டு, இறங்கி வந்து கரையோட ஓடுறாங்க...

"ஏய் லெச்சுமி! கொழுந்து நெரையை விட்டுட்டு எங்க ஓடுற?" கங்காணி கத்துறார்.

"எம் பொண்ணு உத்தியோகம் தண்ணியில போவுதுங்க!"

கொழுந்து எடுத்த அத்தனை பேரும் சிரிச்சாங்க.

டர்பைனுக்கு முன்னாடி, குப்பையைத் தடுக்க ஒரு கம்பித் தட்டி இருக்கும். செருப்பு வர்றதுக்குள்ள அம்மா அங்க போய் நின்னுட்டாங்க. கையை விட்டு எடுத்து, இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்குல தொடைச்சு, பின்னாடியே ஓடி வந்த என் கால்ல மாட்டிவிட்டாங்க. "ஓடு, ஓடு, பஸ் வந்துரும்!"

சளக் சளக்னு சத்தத்தோட போய் ஏறினேன்.

தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேரு'ன்னு சொல்வோம். அன்னைக்குச் சாயந்தரம் அம்மா அடுப்படியில உட்கார்ந்துகிட்டு,

"எனக்கு அரைப்பேருதான் போட்டாங்க. நீயாச்சும் ஒம் பேரை முழுசாச் சொன்னியா?"ன்னாங்க.

சொல்லியிருந்தேன். நியமனமும் கிடைச்சது.

இப்ப அந்த பெக்டரி மூடிக் கிடக்கு. நாங்க குடியிருந்த லயத்து வாசலுக்கே த்ரீவீல் வருது. வாய்க்கால் முழுக்கப் புல்லு. அம்மா என்னோடதான் இருக்காங்க... கட்டில்லேர்ந்து எந்திரிக்க என் கையைப் பிடிக்கணும்.

போன லீவுல மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இதுல தண்ணி ஓடுச்சுன்னேன், நம்பிட்டா.

இந்தக் கரையில அம்மாச்சி ஓடினாங்கன்னேன்...

"சும்மா சொல்லாதீங்கம்மா"ன்னா.