வினைல் பட்டைக்கு அடியில் எட்டு ஸ்க்ரூ

நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இதில் நான் கை வைத்துச் சேர்த்தது ஒரு வரிகூடக் கிடையாது. என் அக்கா வீட்டுக்காரருக்கு, பட்டப்பகலில், அவருடைய வீட்டு வளாகத்துக்குள்ளேயே நடந்தது. நேரம் உட்பட எல்லாம் அவர் சொன்னபடியே.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "எங்கயாவது நட்டு லூசா இருக்கும், பாருங்க" என்று பேச்சை முடித்துவிடுவார். அக்கா ஒரு வருடம் படுக்கையில் கிடந்து எழுந்தவள். நான்கு சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள். அவளுக்காகத்தான் அந்தப் பழைய கேரவனை வாங்கினார். உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மழை என்று சொல்லியிருந்தார்கள். வண்டியோ ஒழுகியது.

காரணம் சின்ன விஷயம்தான். வண்டியின் வெளிப்பக்கம், தகடுகள் சேரும் இடமெல்லாம் அலுமினியச் சட்டம் ஓடும். சட்டத்தில் வரிசையாக ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ தலைகளை மறைக்க, இரண்டு விரல் அகலத்தில் ஒரு வினைல் பட்டை. வெயிலில் அது சுருங்கி வெடித்துவிட்டால், ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பழைய பட்டையை உரித்து, துருப்பிடித்த ஸ்க்ரூவை மாற்றி, பசை தடவி, புதுப் பட்டையை அழுத்த வேண்டும். ஒரு ஆள் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை. பிற்பகல் 1:15. அக்கா வண்டிக்குள் போனாள். உள்பக்கப் பலகையைக் கையால் தடவிப் பார்த்து, ஈரம் தட்டுப்படும் இடத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வெளியே மச்சான் அந்த இடத்துக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். இதுதான் ஏற்பாடு.

டக்... டக்.

"இங்கயா?"

"அங்கதாங்க. சொதசொதன்னு இருக்கு."

வேலை மளமளவென்று நடந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மச்சானுக்கு நிலைகொள்ளவில்லை. ஏணியில் ஏறுவதும், மேகத்தைப் பார்ப்பதும், இறங்குவதுமாக இருந்தார். ட்ரில் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. ட்ரில்லை நிறுத்தினால், அடுத்த தட்டு தயாராக இருந்தது.

2:20. ஒன்றைக் கவனித்தார். தட்டு கூரையை ஒட்டிக் கேட்டது. அக்கா குள்ளம். படுக்கை மேல் ஏறி நிற்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டார்.

2:35. "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். டக், டக். பேசுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவருக்கு ஞாபகமில்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

2:50. தகடு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டு வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அங்கே மட்டும் ஜில்லென்றிருந்தது. ஈரம்தான், வேறென்ன.

தட்டுகள் மெல்ல மெல்லப் பின்பக்கம் நகர்ந்தன. வண்டியின் பின்சுவரில், படுக்கைக்கு மேலே, ஒரு ஜன்னல் உண்டு. ஆபத்து என்றால் தள்ளித் திறந்து வெளியே குதிப்பதற்கான ஜன்னல். வாங்கிய நாளிலிருந்தே அது திறக்கவில்லை. இறுகிப்போயிருக்கும் என்று மச்சான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3:15. அந்த ஜன்னலைச் சுற்றியிருந்த பட்டையை உரித்தார்.

உள்ளே எட்டு ஸ்க்ரூ. மற்றதெல்லாம் துரு. இவை மட்டும் பளபளவென்று புதிது. விரல் நீளம். சட்டத்தில் நிற்காமல், ஜன்னலையும் துளைத்துக்கொண்டு போயிருந்தன. ஜன்னல் திறக்கவே கூடாது என்று யாரோ வெளியிலிருந்து முடுக்கி, மேலே பட்டையை ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

"எவன்யா இது, கிறுக்குப் பய" என்று திட்டிக்கொண்டே கழற்ற ஆரம்பித்தார்.

ஒரு ஸ்க்ரூ வெளியே வந்தால், அடுத்த ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் தட்டு.

டக், டக்.

கழற்றினார். அடுத்ததில் தட்டு. அவர் கை போவதற்கு முன்பே. வேகமாக. இன்னும் வேகமாக.

ஏழு வந்துவிட்டது.

3:32. கேட் திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

அக்கா. கையில் மருந்துக் கடைப் பை.

மச்சான் ட்ரில்லைக் கீழே இறக்கினார். "நீ... எங்க போன?"

"சொல்லிட்டுத்தானே போனேன். தலைய ஆட்டுனீங்க."

"எப்போ?"

"ரெண்டு அஞ்சு இருக்கும்."

"அப்போ உள்ள யாரு?"

"யாருமில்ல. பூட்டிட்டுத்தான் போனேன். சாவி இதோ இருக்கு."

டக், டக்.

இருவருக்கும் கேட்டது.

அக்காவின் முகம் மாறியது. ஆனால் அவள் நினைத்தது வேறு. "ஐயோ, ஏதோ கொழந்த உள்ள மாட்டிக்கிச்சுங்க. நான் உள்ள பாக்காமயே பூட்டிட்டேன். வெந்துடும்ங்க உள்ள."

கதவு வண்டியின் இடப்பக்கம். ஓடினாள். சாவி திரும்பியது. கதவு வரவில்லை.

"தொறக்கலங்க... யாரோ உள்ளேர்ந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

தட்டு இப்போது நிற்கவே இல்லை. ஜன்னல் முழுக்க. இரண்டு கை போதாது அப்படித் தட்டுவதற்கு.

"ஜன்னலத் தொறங்க. சீக்கிரம்."

மச்சான் எட்டாவது ஸ்க்ரூவில் ட்ரில்லை வைத்தார். அது இரண்டு முறை வழுக்கியது.

3:40.

ஸ்க்ரூ கீழே விழுந்தது.

தட்டு நின்றது.

ஜன்னல் தானாகத் திறந்தது. மெதுவாக... முழுசாக.

குளிர்காற்று ஒன்று முகத்தில் பட்டு, தோளை உரசிக்கொண்டு போனது.

அதே நொடியில் கதவும் திறந்துகொண்டது.

ஜன்னல் வழியாக மச்சான் எட்டிப் பார்த்தார். கதவு வழியாக அக்கா எட்டிப் பார்த்தாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடுவில் யாருமில்லை.

படுக்கைக்கு அடியில், அலமாரிக்குள், அடுப்புக்குப் பின்னால்... இருவரும் சேர்ந்து தேடினார்கள். ஒரு பூனைகூட இல்லை. விரித்த போர்வை கலையாமல் இருந்தது. மருந்துக் கடைச் சீட்டில் நேரம் 2:31 என்று அச்சடித்திருந்தது.

அன்று சாயங்காலம் மச்சான், வண்டியை விற்ற பெரியவருக்குப் போன் போட்டார். ஜன்னலில் ஏன் ஸ்க்ரூ அடித்தீர்கள் என்று கேட்டார். பெரியவர் திருப்பிக் கேட்டார்.

"எத்தன எடுத்தீங்க?"

"எட்டையும்."

"இப்பவும் தட்டுதா?"

"இல்ல. நின்னுடுச்சு."

"தட்டுச்சுன்னா திரும்பப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன்." பெருமூச்சு கேட்டது. "இனிமே போட்டுப் புண்ணியமில்ல."

போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சொன்னபடியே மழை பெய்தது. கேரவன் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பவும் இல்லை. அக்காதான் வேண்டாம் என்றாள். "வீட்லயே இருக்கலாம். இதான் பிடிச்சிருக்கு" என்றாளாம்.

திங்கட்கிழமை காலை, பின்வீட்டு டீச்சரம்மா மதில் பக்கமாக மச்சானைக் கூப்பிட்டார். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கேரவனின் பின்பக்கமும், அக்கா வீட்டுச் சமையலறைக் கதவும் தெரியும். இடப்பக்கம் தெரியாது.

"சார், தப்பா நினைக்காதீங்க. வீட்ல இப்ப உடம்பு பரவாயில்லையா?"

"நல்லாயிருக்காங்க. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, வெள்ளிக்கிழம மூணே முக்கால் இருக்கும், துணி எடுக்க மாடிக்கு வந்தேன். உங்க வீட்டம்மா அந்த ஜன்னல் வழியா இறங்கினாங்க. இவ்வளவு நாள் படுத்திருந்தவங்க இப்படிக் குதிக்கிறாங்களேன்னு எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு."

மச்சான் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க ஜன்னலுக்குள்ள தலைய விட்டுப் பாத்துட்டிருந்தீங்க. அவங்க உங்க தோளுக்குப் பக்கத்துலயே நின்னு, உங்க முகத்தையே பாத்துட்டிருந்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் சமையலறைக் கதவு வழியா உள்ள போயிட்டாங்க."

"வெளிய வந்தாங்களா?"

"நான் பாக்கல சார்."

இதையெல்லாம் மச்சான் என்னிடம் சொன்னது அன்று பகல் 12:10-க்கு, என் ஆபீஸ் வாசலில். மூன்று நாளாகத் தூங்காத முகம். நின்ற இடத்தில் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

நடை நின்றது.

"வீட்ல இருக்கிறது உங்க அக்காதான்னு தெரியட்டும்," என்றார். "சொல்றேன்."