இரண்டு காதுக்கு நாலு சில்லு

எட்டு வயது வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. இப்போது சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். அந்த நாளில் பாகூர்ப் பக்கத்தில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. இடுப்பில் தூக்கி வருகிற குழந்தையின் காதில்கூட ஏதாவது ஒரு பொட்டு மின்னும். நான் மட்டும் எருமைக் கன்று மாதிரி வெறுங்காதோடு திரிந்தேன். தெருப் பிள்ளைகளுக்கு என் பெயரே மறந்துபோய், மூளிக்காதி என்றால்தான் நான் என்று ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தாய்மாமன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். மாமனோ சைகோனில் இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறியவர். அப்படிப் போனவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவர் கப்பல் ஏறும்போது நான் அம்மா வயிற்றில் இருந்தேனாம். "பொண்ணு பொறந்தா பச்சைக்கல்லு தோடு எடுத்துக்கினு வருவேன், நான் வந்துதான் காது குத்தணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனவர், ஆடிக்கு வருகிறேன், தைக்கு வருகிறேன் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவள்தான் முதலில் வருத்தப்படுவாள். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். அவரை மாமன் முறைக்கு உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்பது அத்தையின் யோசனை. ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் சம்மதம்தான். விருந்து என்றால் அவர் எதற்கும் சம்மதிப்பார். அம்மா மட்டும் அசையவில்லை. "எந்தம்பி வருவான்" என்பாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஒரு மார்கழியில் சோரியாங்குப்பத்துச் சொல்தா ஒருவர் விடுப்பில் ஊருக்கு வந்தவர், எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மாமனோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவராம். காக்கிக் கால்சட்டை, தலையில் தொப்பி. நான் அவர் கையைத்தான் பார்த்தேன். பச்சைக்கல் தோடு இருக்கிற மாதிரி ஒரு பொட்டலமும் இல்லை. அம்மா மோர் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கான்க்கா. ஆனா..." என்று அவர் இழுத்தார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ போயி கன்னுக்குட்டிய மாத்திக் கட்டுடி."

கன்றுக்குட்டி கட்டிய இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. அதை அவிழ்த்து, அதே முளையில் மறுபடியும் கட்டிவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் அவர்கள் பேசி முடித்திருந்தார்கள். சொல்தா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் எப்போ?" என்று கேட்டாள் அம்மா.

"தை கடைசியிலக்கா."

"போறதுக்கு மின்ன ஒரு வாட்டி இங்க வந்துட்டுத்தான் போவணும்."

வயலிலிருந்து அப்பா வந்ததும் அம்மா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "அவன் இனிமே வரமாட்டான். தையில நாமளே காது குத்திடலாம்." அப்பா ஏதோ கேட்கப் போனார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கால் கழுவப் போய்விட்டார். எனக்கு மாமன் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. எட்டு வருடம் என்னைத் தெருவில் மூளியாக நிறுத்திவைத்துவிட்டு, வரமாட்டேன் என்று ஆள் அனுப்புகிறாரே!

மறுநாள் அம்மா மரப்பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளி அரைஞாணை எடுத்தாள். மாமன் பத்து வயது வரைக்கும் இடுப்பில் கட்டியிருந்தது. அவர் வளர்ந்து அது பற்றாமல் போனதும் அம்மா கழற்றி வைத்திருந்தாள். கறுத்துப்போய்க் கிடந்தது. "அவன் வராட்டா போறான். அவன் வெள்ளி வரும்" என்றாள்.

கல்லுக்குக் கடலுக்குப் போனோம். அம்மா பிறந்த ஊர் மணப்பட்டு. அந்தக் கடற்கரையில் கண்ணாடிச் சில்லு ஒதுங்கும். புதுச்சேரியில் துரைமார்கள் குடித்துவிட்டு எறிந்த புட்டிகளும் கப்பல்காரர்கள் எறிந்த புட்டிகளும் உடைந்து, கடல் உருட்டி உருட்டிக் கூரெல்லாம் போய், கூழாங்கல் மாதிரி கரைக்கு வரும். காய்ந்தால் மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும். தண்ணீரில் நனைத்தால்தான் உள்ளே இருக்கிற நிறம் தெரியும். அம்மாவும் மாமனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதைப் பொறுக்கித்தான் விளையாடுவார்களாம். மாமன் பச்சைக்கல் என்று வாக்குக் கொடுத்ததற்கும் இந்தச் சில்லுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா அலையோரமாகக் குனிந்தபடியே நடந்தாள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள்.

"இன்னாக்கா, மூக்குத்திய தொலச்சிட்டியா?"

"தோடு தேடுறேன்."

"எந்த எடத்துல வுட்ட?"

"இன்னும் போடவேயில்ல" என்று அம்மா நிமிராமலே சொன்னாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் காக்கை எல்லாம் எழுந்து பறந்தது.

கொண்டைக்கடலை அளவில், ஒரே பச்சையில் வேண்டும் அவளுக்கு. பழுப்பு கிடைத்தது, வெள்ளை கிடைத்தது, பெரிய பச்சை கிடைத்தது. எல்லாவற்றையும் திரும்பக் கடலிலேயே போட்டாள். வெயில் ஏறி மண் கொதிக்கிற நேரத்தில் பொருத்தமாக இரண்டு சேர்ந்தது. நான் துள்ளினேன். அம்மா இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் குனிந்தாள்.

"ரெண்டு காதுக்கு ரெண்டு போதாதாம்மா?"

"நாலு வேணும்."

"எதுக்கு?"

"நடடி."

நாலு கிடைத்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினோம். உடைந்தால், தொலைந்தால் மாற்றுக்கு ஒரு சோடி இருக்கட்டும் என்று செய்கிறாள் என நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் சாமர்த்தியம் அவளுக்குத் தெரியும். ஒரு வருடத்தில் மூன்று ரிப்பனைத் தொலைத்தவள் நான்.

பாகூர் பத்தர் சில்லைக் கையில் வாங்கி ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, எச்சில் துப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"யம்மா, இது சீசா. நான் கல்லு கட்டுறவன். நாளைக்கு எவனாவது பாத்துட்டு, இது எந்தப் பத்தரு வேலைன்னு கேட்டா?"

"எங்க வூட்டு வேலைன்னு சொல்லிக்கறேன்."

"வெள்ளி கால்ல போடறதும்மா. காதுல போயி..."

"இது அரையில கெடந்த வெள்ளி. கால்ல கெடக்கல. உருக்குங்க."

சொல்லிவிட்டு அம்மா பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தருக்கு வேறு வழி இல்லை. அரைஞாணைத் துண்டு துண்டாக வெட்டி மண் மூசையில் போட்டு, வெங்காரத் தூளைத் தூவி, கரி நெருப்பில் வைத்து ஊதினார். கறுத்துக் கிடந்த வெள்ளி சுருங்கி, நடுங்கி, திடீரென்று ஒரு துளிப் பால் மாதிரி திரண்டு நின்றது. அம்மா கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகைதான் போல, முந்தானையால் ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு சோடி பண்ணா கனமா, பாக்க லட்சணமா வரும். ரெண்டு சோடின்னா தகடு மாதிரிதான் இருக்கும்" என்றார் பத்தர்.

"ரெண்டு சோடி."

"எனக்குக் கனமாவே வேணும்மா" என்று நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நிமிடம் அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கண்ணாடியை நெருப்பில் காட்ட முடியாது. வெள்ளி வளையத்தை முதலில் செய்து ஆறவிட்டு, சில்லை உள்ளே வைத்து, விளிம்பை நெட்டி நெட்டி மடக்க வேண்டும். மூன்று சில்லு நன்றாக உட்கார்ந்தது. நாலாவதில் பத்தரின் கை கொஞ்சம் அழுத்திவிட்டது. டிக் என்று ஒரு சத்தம். இரண்டாகப் போய்விட்டது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் சோடிதான் தயாராகிவிட்டதே! மாற்றுச் சோடிக்கு வந்த கேடு எனக்கு என்ன? மூன்றாவதையும் கழற்றிவிட்டு வெள்ளியை என் தோட்டிலேயே சேர்க்கச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அம்மாவோ எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு ஒன்னு எடுத்துக்கினு வரேன் பத்தரே. வளையத்த அப்படியே வையுங்க."

மறுநாள் கடல் ஒன்றும் தரவில்லை. அதற்கு மறுநாளும் போனாள். என்னைக் கூட்டிப் போகவில்லை. நான் கேட்ட கேள்விகளுக்குப் பயந்துதான் விட்டுப் போனாள் என்று இப்போது நினைக்கிறேன். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கால் எல்லாம் உப்புப் பூத்து வந்தாள். வாய்க்குள்ளிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அதே பச்சை. நிறம் தெரிய வேண்டும் என்று வழி முழுக்க வாயிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை காது குத்து. அத்தை சும்மா இருப்பாளா? ஒன்றுவிட்ட அண்ணனைப் புதுத் துண்டோடு அழைத்துவந்து மணையில் உட்காரவைத்திருந்தாள். அவர் மடியைக்கூடச் சரி செய்துகொண்டு தயாராக இருந்தார். அம்மா அவர் எதிரில் போய் நின்றாள்.

"விருந்துக்கு வந்தீங்க, வயிறார சாப்புட்டுட்டுப் போங்கண்ணா. மடிக்கு ஆள் இருக்குது."

அவர் எழுந்துகொண்டார். அந்த மணையில் அம்மா உட்கார்ந்தாள். மாமன் விட்டுப் போன பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதை மடியில் விரித்தாள்.

"பொம்பள எங்கனா தாய்மாமனா ஒக்காருவாளாடி?" என்று அத்தை வாயில் அடித்துக்கொண்டாள்.

"அவன் வேட்டி, அவன் வெள்ளி. மடி மட்டும்தான் என்னுது. குத்துங்க பத்தரே."

பத்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "நேரம் ஆவுதில்ல?" என்றார். அவருக்குத் தெரிந்த வீரம் அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. ஊசி இறங்கியபோது நான் போட்ட கூச்சலில், சிரித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் அடங்கிப்போனது. அம்மா என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தோட்டைப் போட்டு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுச் சில்லின் மேல் தடவினாள். சாம்பல் போய்ப் பச்சை விழித்துக்கொண்டது. அத்தைகூட ஒரு நிமிடம் குனிந்து பார்த்தாள்.

விருந்து முடிந்து போகிற நேரத்தில் அந்தச் சொல்தா விடைபெற வந்தார். அம்மா மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சை அவர் கையில் வைத்தாள். எனக்குப் பகீரென்றது. என் மாற்றுச் சோடி!

"பத்திரம். காஞ்சிபோனா எண்ண தடவணும்னு சொல்லு" என்றாள் அம்மா.

"வேற இன்னா சொல்லட்டும்க்கா?"

"வேற ஒன்னும் வாணாம்."

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்து, நான் அழுது புரண்டேன். என் தோட்டைத் தூக்கி எவனுக்கோ கொடுத்துவிட்டாளே! "அது ஒன்னுது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா எச்சில் இலை எடுக்கப் போய்விட்டாள். காதுப் புண் ஆறுகிற வரைக்கும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

நான் கல்யாணமாகி, இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். சைகோனில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி முடிந்து, அங்கே போனவர்கள் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. நரைத்த தலையோடு மாமன் இறங்கினார். பின்னாலேயே சின்னக் கண்ணும் மஞ்சள் நிறமுமாக ஒரு அம்மாள், அவளுக்குப் பின்னால் ஒரு வயசுப் பெண். சொல்தா அன்று அம்மாவிடம் சொன்னது இதைத்தான்: மாமன் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார், ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது, அக்கா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு இனி வரவே போவதில்லை என்றுவிட்டார்.

அம்மா மாமனிடம், "செருப்ப வெளிய வுட்டுட்டு வா" என்றாள். அத்தனை வருடத்துக்கும் அவர் வாங்கியது அந்த ஒரு வார்த்தைதான். பிறகு நேராக அந்த வயசுப் பெண்ணிடம் போய், முகவாயைப் பிடித்துக் காதைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. காதில் இரண்டு பச்சைச் சில்லு, எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது.

என் காதில் அப்போது தங்கத் தோடு. நான் உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்தேன். என் சோடி அடியில் சாம்பல் பூத்துக் கிடந்தது. அன்றைக்கு அம்மா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது நான் ஒருத்திதான் என்று அத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.