நம்பலாம் என்று எழுதிய வரி

ஜிபாரா எழுதிய மென்பொருள் பேக்கேஜ் மலையைப் புரட்டுகிற சமாச்சாரம் இல்லை. இணையதளத்தில் யாராவது ஃபைல் ஏற்றினால் பெயரைச் சரிபார்த்து உரிய இடத்தில் வைக்கும். கேட்டால் எடுத்துக் கொடுக்கும். பிஷ்கேக்கில் படிப்பு முடித்த வருடம் அதை எழுதி, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தாள். எடுத்துக்கொண்டார்கள். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான தளங்கள். நன்றி சொன்னவர்களை எண்ண ஒரு கை போதும். குறை சொன்னவர்களை எண்ண ஊரே கூட வேண்டும்.

மார்ச் மாதம் முன்பின் தெரியாத ஒருவர் தனியாக எழுதினார். பழைய வெர்ஷன்களில் ஓட்டை இருக்கிறது, பெயரைக் கோணலாகக் கேட்டால் அடுத்தவர் ஃபைலும் கைக்கு வந்துவிடுகிறது என்று. ஜிபாரா வேலைக்கு விடுப்புப் போட்டு இரண்டே நாளில் அடைத்தாள். திங்கட்கிழமை புது வெர்ஷனும் எச்சரிக்கையும் வெளியாயின. இதில் என்ன கொடுமையென்றால், புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். அப்டேட் செய்யாதவன் வீடு அன்றிலிருந்து திறந்த வீடுதான்.

வியாழக்கிழமை காலை தங்கை உம்சுனாய் ஒரு இணைப்பை அனுப்பினாள்.

"அக்கா, கிளினிக்குக்கு என் ரிப்போர்ட்டெல்லாம் போன வாரம் இதுல ஏத்துனேன். ஒரு பதிலும் இல்ல. போய்ச் சேந்துச்சான்னு பாரேன்."

கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் சிகிச்சை நடக்கிறது. தெரிந்தால் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு இறங்காது. விஷயம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான்.

ஜிபாரா அந்தப் பக்கத்தின் உள்ளே பார்த்தாள். அவளுடைய பேக்கேஜ். பழைய வெர்ஷன்.

அடுத்த மினிபஸ்ஸில் கிளினிக் போய் இறங்கினாள். தளத்தைப் பார்த்துக்கொள்பவன் எர்மெக். அவள் படித்த இடத்திலேயே படித்தவன், ஐந்து வருடம் இளையவன். அவளைக் கண்டதும் எழுந்து, மரியாதைக்கு அரைக் கிண்ணம் மட்டும் தேநீர் ஊற்றினான்; அங்கே கிண்ணம் நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"அக்கா, நீங்களே வந்துட்டீங்க. போர்சோக் எடுத்துக்கோங்க, இப்பத்தான் பொரிச்சது."

"என் பேக்கேஜுக்கு எச்சரிக்கை வந்து மூணு நாளாச்சு. உன் மிஷின் கத்தலையா?"

எர்மெக் சிரித்தான். "உங்களுதுக்குக் கத்துமா அக்கா? வாயைக் கட்டியில்ல வச்சிருக்கேன்."

திறந்தும் காட்டினான். தொல்லை பொறுக்காமல் எச்சரிக்கைகளை அடக்கிவைக்கும் பட்டியல் பல அலுவலகங்களில் உண்டு. இவன் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ஜிபாரா அக்கா எழுதியது. நம்ம ஊர். நம்பலாம்.

"ஜெர்மன்காரன் எழுதுனது, ஜப்பான்காரன் எழுதுனது, எல்லாத்தையும் வாரா வாரம் பாத்து அப்டேட் பண்றேன். உங்களைப் போய் சந்தேகப்படலாமா?"

ஜிபாராவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. முகம் தெரியாதவன் என்றால் சோதித்துப் பார்ப்பானாம். தெரிந்தவள் என்றால் கண்ணை மூடிக்கொள்வானாம். இதற்குப் பெயர் மரியாதையாம்.

"நான் நல்லவளா கெட்டவளான்னாடா அது சொல்லுது? ஓட்டை இருக்குன்னு கத்துனதே நான்தான். நீ கட்டிவச்சது என் வாயை."

தேநீரைத் தொடாமல் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் வெர்ஷனிலிருந்து நான்காவதுக்குத் தாவினால் சும்மா இருக்குமா? பாதிப் பக்கம் உடைந்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

"பொத்தான் கொஞ்சம் இடது பக்கம் நகந்துருச்சே அக்கா," என்றான் எர்மெக்.

"யார் எந்த ஃபைலை எடுத்தாங்கங்கிற பதிவு எங்கே?"

"இடம் அடைக்குதுன்னு ரெண்டு நாளுக்கு மேல வைக்கிறதில்ல."

இருந்த பதிவைப் பார்த்தாள்; நேற்றும் இன்றும் யாரும் கோணலாகக் கேட்கவில்லை. திங்களும் செவ்வாயும் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு வரியும் மிச்சமில்லை.

வாசலில் நின்று தங்கைக்குப் போன் செய்து ஓட்டையைப் பற்றிச் சொன்னாள்.

"எடுத்துட்டாங்களா அக்கா?"

"தெரியல. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளுக்கும் பதிவு இல்ல."

உம்சுனாய் மெதுவாகச் சொன்னாள். "நான் கையிலதான் குடுக்க இருந்தேன். கிளினிக்ல அந்த எர்மெக்தான் என் பொறந்த வீட்டுக் குடும்பப் பேரைப் பாத்துட்டு, உங்க அக்கா எழுதுனது, பயப்படாம ஏத்துங்கன்னான். உன் பேரைக் கேட்டதும் ஏத்திட்டேன்."

ஜிபாரா திரும்ப உள்ளே போனாள். எர்மெக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனை பொம்பளைங்க ஃபைல் இதுல இருக்கு?"

"முன்னூறு இருக்கும். ஏன்க்கா?"

"கோட்டைக் கழட்டு. ஒவ்வொருத்தருக்கா போன் போடு. என் பேரைச் சொல்லித்தானே ஏத்த வச்சே? அதே பேரைச் சொல்லி, யாராவது எடுத்தாங்களான்னு எங்களுக்குத் தெரியாதுன்னும் சொல்லு."