செஞ்சி மழையும் சுண்ணாம்பாற்று நீலக் கோடும்

போன ஐப்பசியில் செஞ்சியில் மூன்று நாள் விடாத மழை. துணி காயவில்லை, சம்சாரத்தின் முகமும் தெளியவில்லை. "உன் தம்பி முகாமுக்குப் போவோம், கிளம்பு" என்று என் கேரவனை எடுத்தேன். பழைய பள்ளிக்கூட வேன்தான். ஆனால் உள்ளே கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் நானே பொருத்தியவை. இப்படி ஒரு வண்டி கன்னியாகுமரி வரைக்கும் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி, திண்டிவனம் வழியாக எழுபது கிலோமீட்டர். புதுச்சேரியில் பளீரென்று வெயில். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம். படகு சவாரிக்கு வருபவர்கள் ஆட்டோவில் இருநூற்றைம்பதுக்குள் பேசுங்கள். படகுத் துறையைத் தாண்டி சுண்ணாம்பாற்றங்கரையில் இருக்கிறது மச்சான் அந்தோணியின் கூடார முகாம். ஒரு ராத்திரிக்குக் கூடாரத்துக்கு ஆயிரத்து இருநூறு, வண்டி நிறுத்த ஐந்நூறு. எனக்கு இலவசம், மாமன் அல்லவா.

முந்தின வருட வெள்ளம் கூடாரங்களையும் ஜெனரேட்டரையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் முகாமை மூடிவிட்டுத் தன்னோடு வந்து பூ கட்டவேண்டும் என்று அவன் மனைவி பிலோமினா சொல்லியிருந்தாள். பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவள், சொன்னால் சொன்னதுதான்.

அதனால் அந்தோணி எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். கூடாரங்கள் கொக்கியில் நிற்கின்றன, தட்டினால் கழன்று சுருண்டுவிடும். மின்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேலே. கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தான். கரையோரத் தென்னையில் இரண்டு கோடுகள்: தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் வண்டிகள் வெளியேறவேண்டும், சிவப்பைத் தொட்டால் மனிதர்கள். எல்லா வண்டியும் கேட்டைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். இதில் பாதி யோசனை நான் போனில் சொன்னது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டும் ஆற்றைப் பார்த்து நிறுத்தினேன். காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர் தெரியவேண்டாமா? முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு ரிவர்ஸ் ஒரு விஷயமா? வெயில் வேறு. தென்னைக்கும் வண்டிக்கும் கயிறு கட்டி, சம்சாரம் செஞ்சி ஈரத்துணியை எல்லாம் காயப்போட்டாள்.

மறுநாள் மதியம், அதே வெயிலில், ஆற்றின் மேல்பக்கம் வில்லியனூரிலிருந்து அந்தோணிக்கு போன் வந்தது: ஆறு ஏறுகிறது. நான் வானத்தைக் காட்டிச் சிரித்தேன்.

"மாமா, அது உங்க ஊர்ல பேஞ்ச தண்ணி. உங்க பின்னாலயே வருது. வண்டிய எடுங்க."

கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டதால் தண்ணீர் பின்வாங்காமல் நின்று ஏறியது. மஞ்சளைத் தொட்டதும் மற்ற இரண்டு வண்டிகளும் நேரே போய்விட்டன. நான் ரிவர்ஸ் போட்டதும் என் வண்டியின் பின்சக்கரம் சேற்றில் உட்கார்ந்தது. அந்தோணியும் வேலையாட்கள் இருவரும் கூடாரம் கழற்றுவதை விட்டுவிட்டு என் வண்டியைத் தள்ள வந்தார்கள். நான்கு கூடாரங்கள் அவிழாமல் நின்றன, தண்ணீர் முளைக்கம்பை நக்கியது. அந்தோணி தள்ளிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அப்போது, ஆறு ஏறுகிற செய்தி கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள் பிலோமினா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொக்கி கொக்கியாகத் தட்டினாள். பூ தொடுக்கிற விரல் அல்லவா, நான்கு கூடாரமும் நொடியில் சுருண்டன. என் வண்டியும் ஒரே உறுமலில் மேலே வந்தது. பத்து யானை இழுத்திருந்தாலும் வந்திருக்காது, என் கிளட்ச்சின் திறமை அப்படி.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தபோது, போனது சம்சாரத்தின் துணிக்கயிறு ஒன்றுதான். முகாமை மூடும் பேச்சு இப்போது வரும் என்று அந்தோணி தலைகுனிந்து நின்றான். பிலோமினா தென்னையைச் சுற்றி வந்தாள்.

"மஞ்சளுக்கு ஒரு சாண் கீழ இன்னொரு கோடு போடுங்க. உங்க மாமா மாதிரி ஆளுங்களுக்கு."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே வெயிலடித்தாலும் செஞ்சியில் மழையா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வண்டியைக் கேட்டைப் பார்த்து நிறுத்துங்கள். தென்னையில் மஞ்சளுக்குக் கீழே அந்தோணி போட்டிருக்கிற நீலக் கோட்டைப் பாருங்கள். ஒரு மனிதனுக்காக ஆற்றங்கரையில் தனிக்கோடு போட்டிருப்பது, எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான்.