வெள்ளிக் கடைத் தராசில் ஒரு பாம்பு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாடி வீட்டு இசக்கியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. அதை உடம்பிலிருந்து முடிந்த மட்டும் தள்ளிப் பிடித்திருந்தாள்.

“அண்ணாச்சி, பைக்க எடுங்க. இது வாயத் தொறந்து தொறந்து மூச்சு விடுது.”

உள்ளே ஒரு குட்டிப் பாம்பு. கட்டைவிரல் தடிமன். தலையை மேலே தூக்கியபடி, வாயை லேசாகத் திறந்திருந்தது. மூக்கில் சின்னதாக ஒரு நுரைக் குமிழ்.

சங்கரன்கோவிலில் மாடி வீட்டில் பாம்பா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை, விஷம் கிடையாது. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். இது வெளிநாட்டு இனம், முறைப்படி பதிவு செய்தது. பழைய நிருபர் புத்தி... முதல் நாளே பதிவுப் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

பாம்பு இசக்கியம்மாளுடையது அல்ல. அவள் கணவர் ஆசைப்பட்டு சென்னையிலிருந்து வாங்கி வந்தது. வந்த இரண்டாவது மாதம் அவருக்கு தோஹாவில் வேலை கிடைத்துவிட்டது. அவர் போனார். பாம்பு இருந்தது.

வாரம் ஒருமுறை நீள இடுக்கியால் இரை வைப்பாள். கணவர் வீடியோ காலில் அங்கிருந்து மேற்பார்வை. அத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அவள் அதைத் தொட்டதில்லை; அன்று பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றியதும் இடுக்கியால்தான்.

அன்று நாங்கள் கிளம்புவதற்குள் தெருவே மருத்துவர் ஆகிவிட்டது. ஒருவர் பால் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் கோயில் புற்று மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு விடச் சொன்னார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் சிரப்புகூட ஒரு வீட்டிலிருந்து வந்தது. எல்லோருக்கும் நல்ல மனசுதான்!

கால்நடை மருத்துவர் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எதையும் வாயில ஊத்தலையே?”

“இல்ல சார்.”

“அது போதும். பேரு என்ன?”

“இசக்கியம்மாள்.”

“உங்க பேரு இல்லம்மா. பாம்பு பேரு. சீட்டுல எழுதணும்லா.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அவுக சிண்டுன்னு கூப்பிடுவாக.”

மருத்துவர் சென்னையில் இந்த மாதிரி உயிர்களைப் பார்க்கும் நண்பருக்கு போன் போட்டார். நுரையீரலில் சளி, குளிர்தான் காரணமாக இருக்கும் என்றது மறுமுனை. வீட்டில் அதன் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு இருக்குமே, அது ஓடுகிறதா?

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான் ஆஃப் பண்ணுனேன். இந்த ஊரு வெக்கையில வாயில்லாத சீவனுக்கு எதுக்குச் சூடுன்னு பாவப்பட்டேன். பொறவு மழை வந்துட்டு. திரும்பப் போட மறந்துட்டேன்.”

முதலில் சூடு என்று உத்தரவு. வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியோடு ஒட்டி வைத்தோம். அடுத்து ஊசி. மருந்து பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைத்தது. சிக்கல் வேறு இடத்தில்.

“எடை தெரியணும்” என்றார் மருத்துவர். “மாட்டுக்குப் பத்து கிலோ முன்னப் பின்ன இருந்தாலும் சமாளிச்சுக்கிடலாம். இதுக்கு மருந்து கூடுனா கிட்னி போயிரும். எங்கிட்ட இருக்கது ஆடு தொங்கவிடுத தராசு. வெள்ளிக் கடைக்குப் போங்க, சரியாச் சொல்லுவாங்க. சீக்கிரம் வாங்க.”

எங்கள் ஊர் அம்மன் கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வீட்டில் பாம்பு, தேள் தொல்லை இருந்தால் அவற்றின் உருவம் பதித்த வெள்ளித் தகடு வாங்கி உண்டியலில் போடுவது இங்கே வழக்கம். அப்படித் தகடு விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கண்ணாடி மேஜை மேல் தட்டு நிறைய வெள்ளிப் பாம்புகள். பக்கத்தில் எலக்ட்ரானிக் தராசு.

விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அண்ணாச்சி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

“என்னவே, விளையாடுதீரா? இதுல சாமி சாமான் நிறுக்கேன்.”

“அதுவும் பாம்புதானே அண்ணாச்சி?”

“அது நெளியாதுல்லா!”

இசக்கியம்மாள் எங்கள் வாதத்தைக் கவனிக்கவில்லை. வெள்ளித் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஆடித்தபசுத் திருநாளுக்கு இங்கனதான் ஒண்ணு வாங்கிட்டுப் போயி உண்டியல்ல போட்டேன். இந்தப் பாம்பு எங்க வீட்டை விட்டுப் போயிரணும்னு.”

பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“போகணும்னுதான் அண்ணாச்சி கேட்டேன். சாகணும்னு கேக்கலையே.”

கடைக்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தராசை முன்னால் நகர்த்தினார். காலி டப்பா ஒன்றை அதன்மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

“இதுக்குள்ள விடு தாயி.”

யார் எடுத்து விடுவது? கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் மூடியைப் பிடித்திருந்தேன்; அதைத் தொடர்ந்து பிடித்திருப்பது மிக அவசியம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள்.

தூக்கியவள் கண்ணைத் திறந்தாள். உடனே டப்பாவில் விடவில்லை. இன்னொரு கையையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

“ஜில்லுன்னு இருக்கு அண்ணாச்சி. இவ்வளவு நேரம் குளுந்து போயில்லா கெடந்திருக்கு.”

பிடிக்காத ஒன்றைப் பார்த்துப் பரிதாபப்படுவது சுலபம். ஆனால் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பரிதாபப்பட்டால் சூட்டைத்தான் அணைக்கத் தோன்றும். அதற்குக் குளிர்கிறது என்பது கைக்குத்தான் தெரியும்.

தராசில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைக்காரர் நிமிர்ந்து, “ஃபேனை அமத்துங்க” என்றார். தொழில் அவருடைய பயத்தை ஜெயித்துவிட்டது. குனிந்து, மூக்கு கிட்டத்தட்ட பாம்பில் படுகிற தூரத்தில் எண்ணைப் படித்தார். கடைச் சீட்டைக் கிழித்து எழுதினார்: 142.400 கிராம்.

மருத்துவர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கு மில்லிகிராம் வரைக்கும் எடை போட்டு வந்த முதல் பேஷண்ட் இதுதான்.” ஊசி போட்டார். மூன்று நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார். “பொழைச்சுக்கிடும்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. சூடு குறையாமப் பாத்துக்கோங்க.”

அடுத்த சில நாட்கள், ஊசிக்குப் போனது தவிர, இசக்கியம்மாள் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. நான் கடைப்பக்கம் போனபோதெல்லாம் வெள்ளிக் கடைக்காரர், “நம்ம ஆளு எப்படி இருக்கு?” என்றார். முதல் இரண்டு தடவை என்னிடம் நல்ல பதில் இல்லை. மூன்றாவது தடவை இருந்தது. வாய் மூடி மூச்சு விடுகிறது. நுரை இல்லை. போன வாரம் இரையும் எடுத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அதே கடையில் இசக்கியம்மாளைப் பார்த்தேன். ஒரு வெள்ளிப் பாம்பைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

“இது எதுக்கு தாயி?” என்றார் கடைக்காரர்.

“முன்ன கேட்டதை வேண்டாம்னு சொல்லணும். சொல்லலாமா?”

“தாராளமாச் சொல்லலாம். அம்மன்கிட்டதான?” தகட்டை வாங்கித் தராசில் வைத்தார். “ஆனா, எந்தப் பாம்புன்னு தெளிவாச் சொல்லிரு. வீட்டுல உள்ளது இருக்கட்டும், வெளிய உள்ளது வர வேண்டாம்னு. மொட்டையாச் சொல்லி வச்சுராத.”

கிராம் சுத்தமாக எடை போட்டே பழகிய மனுஷர் இல்லையா!