தண்ணி காட்டின துணி

ஜீன்ஸ் தைத்து விற்கிறவளுக்கு இரண்டு கண்ணும் சந்தேகக் கண்ணாக இருந்தால்தான் பிழைப்பு ஓடும். துணி கொடுக்கிறவரை நாம் சந்தேகப்பட வேண்டும், வாங்குகிறவர் நம்மைச் சந்தேகப்படுவார். நடுவில் தையல் மிஷின் மட்டும்தான் யாரையும் சந்தேகப்படாமல் ஓடும். அதுவும் கரண்ட் இருந்தால்.

ஆசையாக எடுத்த புது பேண்ட்டை ஒரே ஒரு தடவை துவைத்துவிட்டு, மறுநாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பட்டன் போட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் திட்டித் தீர்த்தது என்னை மாதிரி ஒருத்தியைத்தான். பரவாயில்லை, உங்களுக்கு இடுப்பில் பிடித்தது, எங்களுக்குக் கழுத்தில் பிடித்தது. இரண்டு பேரும் ஒரே கட்சி.

நானும் ஜெசிந்தா அக்காவும் திருப்பூர் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷின். எனக்கு ஊர் வேப்பந்தட்டைப் பக்கம், அக்காவுக்கு வரதராசன்பேட்டை. போன வருஷம் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து, பெரம்பலூரில் ஒரு ஷெட் பிடித்து, 'கெட்டி' என்று பெயர் வைத்து ஜீன்ஸ் தைக்க ஆரம்பித்தோம். லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற சலீம் பாய், நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு எங்களுக்கென்று ஒரு ரேக் ஒதுக்கினார். துவைத்தபின் ஒன்று திரும்பி வந்தாலும் ரேக்கைக் காலி செய்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். ரேக் போனால் ஷெட் போகும். ஷெட் போனால் நானும் வீட்டுக்காரரும் மறுபடி திருப்பூர், ஒன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் யாழினி மறுபடி என் அம்மா வீடு. அவளைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டு நான் இருந்த காலம் ஒன்று உண்டு. அதை இன்னொரு தடவை என்னால் முடியாது. அதனால் எந்தத் துணி எடுப்பது என்பது எங்களுக்குத் துணி விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

ரெண்டு பண்டல்

துணி ஏஜென்ட் ஒருவர் இரண்டு பண்டலோடு வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்று பேனா வைத்திருக்கிற ஆளை நான் சுலபத்தில் நம்புவதில்லை. "இது ரா, இது ப்ரீ-ஷ்ரங்க்" என்றார். ரா என்பது தறியில் இருந்து அப்படியே வருகிற துணி. மொடமொடவென்று, கருநீலமாக, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். விலையும் குறைவு. ஆனால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும். மற்றது, மில்லிலேயே ஆவி காட்டி அழுத்தி, சுருங்க வேண்டியதையெல்லாம் அங்கேயே சுருங்க வைத்து அனுப்புவது. தைத்தபின் துவைத்துக் கொடுக்கிற வசதி எங்களிடம் இல்லை. இரண்டில் ஒன்றை நம்பித்தான் வெட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். பண்டலைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொடமொடன்னு இருந்தாத்தான் நம்ம ஊர்ல புதுசும்பாங்க, ராவே எடு" என்றார். நான் ஏஜென்ட்டிடம், "ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானே சார் இருக்கு, எதை வச்சு நம்புறது?" என்று கேட்டேன். "என் முகத்தை வச்சு நம்புங்க மேடம்" என்றார். ஜெசிந்தா அக்கா அவர் முகத்தையும் ஒரு தடவை தடவிப் பார்க்காத குறை. அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "இது தண்ணி காட்டாத துணி, அது தண்ணி காட்டின துணிங்கிறாரு. தண்ணி காட்டுனது துணிக்கா நமக்கான்னு முக்கிப் பாத்தாத்தான்டி தெரியும்."

ஆறு மாசம்

என் கொழுந்தன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன் போட்டு, "அண்ணி, கண்ண மூடிக்கிட்டு ரா எடுங்க. அதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. ஆறு மாசம் தண்ணியே காட்டாம போடுவாங்க. உடம்போட உடம்பா ஒட்டி, மடிப்புக்கு மடிப்பு வெளுத்து, அவங்கவங்களுக்குன்னு ஒரு டிசைன் வந்துரும்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறந்த பிள்ளையைக்கூட அத்தனை பக்குவமாகப் பார்க்கச் சொல்லி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எதற்கும் விசாரிப்போம் என்று, வீட்டுக்காரர் லோடு இறக்க அரியலூர் போனபோது நானும் ஏறிக்கொண்டேன். சிமெண்ட் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் டீக்கடை. ஜீன்ஸ் போட்ட டிரைவர் அண்ணன் ஒருவரிடம் போய், ஒரு வாரத்துக்கு எத்தனை தடவை துவைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா கேக்குற? சர்வேயா? ரேஷன்ல எதையும் நிறுத்திற மாட்டீங்களே?" சத்தியம் செய்யாத குறையாக விளக்கிச் சொல்லி, துவைக்காமல் ஆறு மாசம் போடுகிற ஜீன்ஸ் வந்தால் வாங்குவீர்களா என்றேன். அவர் தன் தொடையில் ஒரு தட்டு தட்டினார். எழும்பிய சிமெண்ட் தூசியில் என் டீ வெளுத்துப்போனது. "ஆறு மாசம் துவைக்காம வச்சா பேண்ட்டு தானா எந்திரிச்சு லாரி ஓட்டப் போயிரும்மா, நான் வூட்ல படுத்துக்கலாம்."

சாக்பீஸ்

தண்ணி காட்டின துணிதான் என்று முடிவானது. ஆனால் அது நிஜமாகவே தண்ணி காட்டினதா? இரண்டு பண்டலிலும் ஒரே அளவில் ஒரு துண்டு வெட்டி, எது எது என்று சாக்பீஸால் எழுதி, ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற தொட்டியில் முக்கினோம். காய்ந்தபின் எடுத்தால் ஒரு துண்டு இரண்டு விரல் அகலம் சுருங்கியிருந்தது. இன்னொன்று நூல் அளவு. சந்தோஷமாகத் திருப்பிப் பார்த்தால் எழுத்தைக் காணவில்லை! தையல்காரி எதைக்கொண்டு எழுதுவாள், சாக்பீஸால்தான். தண்ணீரில் போட்டால் சாக்பீஸ் என்ன ஆகும் என்று இரண்டு தையல்காரிகளுக்கும் தோன்றவில்லை.

"சுருங்குனதுதான்க்கா ரா" என்றேன். "அதெப்படி? அந்தாளு பண்டல மாத்திச் சொல்லியிருந்தா?" என்றார் அக்கா. நியாயம்தானே! மறுபடி வெட்டினோம். இந்தத் தடவை மில்லில் சுருக்கியது என்று சொன்ன துண்டின் ஓரத்தில் வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டோம். தொட்டிப் பக்கம் யாரும் போகாமல் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காய்ந்தது. வெள்ளை முடிச்சுத் துண்டு அசையவில்லை, மற்றது சுருங்கியிருந்தது. ஏஜென்ட் சொன்னது அத்தனையும் உண்மை. நான் கைதட்டிச் சிரித்தேன். அக்காவின் முகம் மட்டும் தெளியவே இல்லை: "உண்மையச் சொல்லியிருக்காரேடி! அப்ப வேற எதுலயோ நம்மள ஏமாத்தியிருக்காரு, பாத்துக்க."

வளர்ந்துபோன பேண்ட்

தைத்தோம். ஒவ்வொன்றிலும் 'சுருங்காது' என்று அட்டை கட்டி, பாய் கடை ரேக்கில் அடுக்கினோம். நோன்பு ஆரம்பித்தது. ஒரு வாரம் நல்ல செய்தி. பிறகு பாயிடமிருந்து போன். "ஏம்மா, ஒண்ணு திரும்பி வந்துருச்சு. வந்து நீயே பேசு."

போனேன். கடையில் ஒரு அக்கா பேண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் சவூதியில், மகன் காலேஜில். மகனுக்கு எடுத்தாராம். "இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. நடந்தா ஒரு கையி பேண்ட்டப் புடிக்கவே சரியா இருக்கு." அளந்து பார்த்தேன். தைத்த அளவு அப்படியே இருந்தது. மகன் என்ன சைஸ் என்று விசாரித்தால், அவனுக்கு முப்பது. இவர் எடுத்தது முப்பத்திரண்டு! "ஏன்க்கா பெருசா எடுத்தீங்க? சுருங்காதுன்னு அட்டை கட்டியிருந்தோமே?" என்றேன். "அட்டை எல்லாருந்தான் கட்றாங்க" என்றவருக்கு, பேசப் பேசக் கோபம் ஏறியது. "துவைச்சா சுருங்கும்னு நம்பித்தானே ஒரு சைஸ் பெருசா எடுத்தேன்? சுருங்காத துணிய வித்து ஏமாத்திட்டியேம்மா!"

சோப்பு வாசனை

ரேக்கைக் காலி செய்வதற்கு முன் பாய் இரண்டு நாள் தவணை கொடுத்தார். நாங்கள் யோசித்தோம். சொன்னால்தானே நம்ப மாட்டேன் என்கிறார்கள், துவைத்தே கொடுத்துவிட்டால்? ஐந்தாறு ஜீன்ஸை ஷெட்டிலேயே அலசிக் காயவைத்து, தேய்த்து, மடித்து வைத்தோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தங்கச்சி மாப்பிள்ளைக்கு எடுக்க மனைவியோடு வந்தார். "துவைச்சே வச்சிருக்கோம் அண்ணி, இனிமே ஒரு இஞ்சுகூட மாறாது" என்று பெருமையாக நீட்டினேன். அண்ணி வாங்கி முகர்ந்தார். கால் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். பைக்குள் கைவிட்டுத் துழாவினார். எதுவும் கிடைக்காததில் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மறைக்காமச் சொல்லு, இது யாரு போட்டு அவுத்தது?"

பக்கெட்

தவணை முடிகிற அன்று பாய் கடைக்குப் போனேன். கடைப் பையன் ரேக்கில் இருந்து எங்கள் ஜீன்ஸை இறக்கிக்கொண்டிருந்தான். யாழினி காலையில், "அம்மா, ஆண்டுவிழாவுல நான் மயில் டான்ஸ், நீ வருவல்ல?" என்று கேட்டிருந்தாள். வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"பாய், ஒரு பக்கெட் தண்ணி குடுங்க" என்றேன். கூட்டம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. துபாயில் இருந்து லீவில் வந்திருந்த ஒருவர் முன்னால் நின்றார். "அண்ணே, இதுல உங்க சைஸு நீங்களே ஒண்ணு எடுங்க. நான் தொட மாட்டேன்" என்றேன். மேலே இருந்ததை எடுக்காமல், சந்தேகத்தோடு அடியில் கைவிட்டு ஒன்றை உருவினார். இடுப்பு அளவு சரியா என்று பார்க்க, வழக்கம் போல இடுப்புப் பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். நுனியும் நுனியும் தொட்டது. "சரி, அத நீங்களே பக்கெட்ல போடுங்க" என்றேன். போட்டார். நன்றாக ஊறவிட்டு, அவரே பிழிந்து, கடை வாசலில் வெயிலில் தொங்கவிட்டார். வெயில் எங்கள் பக்கம் எப்போதும் ஏமாற்றாது. நான் நிழலில் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் போனால் இழுத்துவிட்டேன் என்பார்களே!

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவர் திரும்பி வந்தார். கூடவே பத்துப் பதினைந்து பேர். காய்ந்த ஜீன்ஸை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். நுனியும் நுனியும் தொட்டது. இன்னொருவர் வாங்கிச் சுற்றினார், அவருக்குத் தொடவில்லை. "உன் கழுத்துக்கு லாரி டயர்தான்டா சுத்தணும்" என்று ஒருவர் கத்த, நோன்புக் களைப்பிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துபாய்க்காரர், "மாஷா அல்லாஹ், இது சரிதான். மத்ததுலாம் எப்படின்னு யாரு கண்டா?" என்று முனகிக்கொண்டே தன் சைஸில் இரண்டு எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் சைஸைக் கேட்க ஆரம்பித்தார்கள். பாய் பையனைப் பார்த்து, இறக்கியதைத் திரும்ப அடுக்கச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "ரேக்கு இருக்கட்டும்மா. எதுக்கும் அந்தத் தொங்குற பேண்ட்ட எடுக்காத, பெருநா வரைக்கும் அது அங்கேயே கெடக்கட்டும்."

திருப்பூர் ரூம்

பெருநாளைக்கு முன்பே ரேக் காலியானது. பாய் பக்ரீதுக்கு இன்னும் ஒரு ரேக் தருகிறேன் என்றார். வீட்டில் வந்து சொன்னால், வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். விஷயம் என்னவென்றால், இது தேறாது என்று சந்தேகப்பட்டு, திருப்பூரில் நாங்கள் முன்பு இருந்த காம்பவுண்டு வீட்டுக்கார அக்காவிடம் ஒரு ரூம் சொல்லி வைத்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. யாழினி மயில் தோகைக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்ததால் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, நானே போன் போட்டேன்.

"அக்கா, நாங்க வரலைக்கா. தொழில் இங்கேயே நல்லாப் போகுது. புள்ளையோட ஊர்லயே இருந்துக்கிறோம்." காம்பவுண்டு அக்கா நிதானமாகக் கேட்டார்: "பொய் சொல்லாத சாமி, எதுத்த காம்பவுண்டுல எவளோ வாடகையக் கொறைச்சுட்டாதானே?"

ஆக, உள்ளதைச் சொல்லி ஒரு ஜீன்ஸ் விற்கிற நேரத்தில் பொய் சொல்லிப் பத்து விற்றிருக்கலாம்தான், ஆனால் அந்தப் பத்துப் பேரோடும் நாளைக்கு ஒரே டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டுமே!