நிறுத்தக்கூடாத டட்சன்

போன ஞாயிற்றுக்கிழமை செனாவாங்கில் கார் கழுவும் கடையில் காத்திருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் கடுகு மஞ்சளில் ஒரு டட்சன் நின்றுகொண்டிருந்தது. ஒன் டுவென்ட்டி ஒய். தேன்கூடு மாதிரிச் சக்கர மூடி, பளபளவென்று முன் கிரில், ஒரு பொட்டுத் துருகூட இல்லை. அதன் சொந்தக்காரன் என்னைவிட இளைய மலாய்ப் பையன். நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து பாருங்கள் அண்ணே என்று மலாயில் சொன்னான். முன் சீட்டில் வாளியும் துணியும் கிடந்ததால் பின்னால் ஏறினேன்.

வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை. அதற்கு அடியில் லேசாகப் பெட்ரோல். கதவைச் சாத்தியதும் என் கால்கள் இரண்டும் தாமாகத் தரையிலிருந்து எழும்பிச் சீட்டின் மேல் ஏறிவிட்டன. சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், புது சீட்டின் மேல், செருப்போடு! அந்தப் பையன் பதறிப்போய்க் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினேன். அவனிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

டட்சன் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. வேலைக்கு வந்த புதிதில், பிடித்ததை எல்லாம் தேடிப் படிக்கும் கிறுக்கு எனக்கு இருந்தது. வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவனுக்கு வரும் வியாதி அது. ஜப்பானில் அந்தக் காருக்குப் பணம் போட்ட மூன்று பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்து முதலில் 'டாட்' என்று வைத்தார்களாம். பிறகு சிறிய கார் ஒன்று செய்தபோது அதை டாட்டின் மகன் என்றார்கள். மகன் என்பதற்கான ஆங்கிலச் சொல் ஜப்பானிய மொழியில் நட்டத்தைக் குறிக்குமாம். அதனால் மகனைச் சூரியனாக மாற்றிவிட்டார்கள். ஒரு காலத்தில் உலகமெல்லாம் ஓடிய பெயர். பிறகு தாய்க் கம்பெனி தன் பெயரையே எல்லாக் கார்களுக்கும் வைத்துக்கொண்டது. நடுவில் சில நாடுகளில் அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை.

நம் பக்கத்தில் அது முதலில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிமார்களின் கார். வாத்தியார் வைத்திருப்பார், டாக்சிக்காரர் வைத்திருப்பார். உள்நாட்டுக் கார் வந்ததும் அவர்கள் எல்லாம் மாறிக்கொண்டார்கள். டட்சன் கை மாறிக் கை மாறி எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தது. வந்தபோது அதற்கு என்னைவிட வயது அதிகம். ஆனாலும் அதன் மேல் எல்லோருக்கும் ஒரு பிரியம். முன் மூடியைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் தரை தெரியும். அவ்வளவு இடம். எது எங்கே இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எந்தச் சீனன் கடையிலும் சாமான் கிடைக்கும். படிக்காதவனை மிரட்டாத கார் என்று அப்பா சொல்வார்.

எங்கள் தோட்டம் பெடாஸுக்கு உள்ளே, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கு நடுவில் இருந்தது. லயத்தில் இருந்த ஒரே கார் ஸ்டெல்லாக்காவின் டட்சன்தான். அவள் கணவர் ஜொகூரில் லாரி ஓட்டினார், எப்போதாவது வருவார். காரை விட்டுவிட்டுப் போனார். அவள் தானே ஓட்டிப் பழகிக்கொண்டு, லயத்துப் பிள்ளைகளைப் பெடாஸ் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போய் வந்தாள். குரல் பெரிது. திட்டினால் மூன்றாவது லயத்தில் தட்டு விழும்.

வண்டியின் பெத்திரி செத்துப்போய் வெகு நாளாகியிருந்தது. கார்பரேட்டரையும் யாரோ ஒரு கெட்டிக்காரன் நோண்டி வைத்திருந்தான். அதனால் பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் சாவிக்குக் கிளம்பாது, இறக்கத்தில் உருட்டித்தான் கிளப்ப வேண்டும். இதற்காக லயத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. முனியாண்டி கோயில் பக்கத்தில் மேட்டில் முகம் கீழே பார்க்க வண்டி நிற்கும், டயருக்கு அடியில் அரைச் செங்கல். அந்த இறக்கத்துக்குப் பெயரே ஸ்டெல்லா இறக்கம். அங்கே யாரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தமாட்டார்கள். துணிக்கொடி கட்டமாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்களிடம்கூட, அங்க மட்டும் வேணாம் லா, ஸ்டெல்லா எறக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். இறக்கத்தின் முடிவில் பெரிய கால்வாய். அதை எட்டுவதற்குள் எஞ்சின் பிடிக்க வேண்டும்.

நான் பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாணிக்கம் மோட்டாரில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். அம்மா செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்குகிற வேலைக்காரி. மட்டைக் குவியலுக்குள் கை விட்டிருக்கிறாள். வலது கை வீங்கிக்கொண்டிருந்தது. மண்டோரின் தலைத்துண்டு முழங்கைக்குக் கீழே இறுகக் கட்டியிருந்தது.

"நாகம்டா தம்பி. கருநாகம். அடிச்சிட்டேன்," என்றார். மோட்டாரின் முன்பக்கம் ஓர் உரச்சாக்கு, வாய் ரப்பியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி, தொங்கிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டோம். வழி சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்துபோனது. எங்கள் தோட்டத்தில் போனுக்கு லைன் கிடைக்கிற இடம் ஒன்றுதான், அதுவும் மழைக்காலத்தில் கிடைக்காது. அப்பா லாரியோடு ஆலைக்குப் போயிருந்தார். மேனேஜரின் வண்டி வெளியே. அடுத்த தோட்டத்தில் மந்திரிக்கிறவர் இருக்கிறார், முதலில் அங்கே போகலாம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆஸ்பத்திரிதான்," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. கட்டை லேசாக்கச் சொன்னேன். முதலுதவி வகுப்பில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருந்த தைரியம்.

"படிச்ச புள்ள சொல்லுது, அவுத்து வுடுங்க," என்றார் மண்டோர். உடனே சாக்கை என்னிடம் நீட்டினார். "இதயும் கொண்டு போ. என்னா பாம்புன்னு தெரிஞ்சாத்தான் டாக்டரு ஊசி போடுவாரு."

அதுவும் எங்கள் தோட்டத்து வழக்கம்தான். கடித்ததை அடித்து, கடிபட்டவரோடு அனுப்பிவைப்பது. எனக்கும் அது படித்தவன் ஒத்துக்கொள்ளும்படியான யோசனையாகவே பட்டது. டட்சனின் பின்பெட்டிக் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது, அவிழ்க்க நேரமில்லை. சாக்கைப் பின் சீட்டுக்குக் கீழே என் காலடியில் போட்டுக்கொண்டேன். அம்மா என் தோளில் சாய்ந்தாள்.

வேலைக்குப் போகாத பெண்கள் எல்லாம் வந்து தள்ளினார்கள். மண்டோர் செங்கல்லை எடுத்தார். வண்டி உருண்டது. ஸ்டெல்லாக்கா, "ஏசுவே," என்றாள். கோயிலைக் கடக்கும்போது அந்தப் பக்கமும் திரும்பி, "முனியாண்டி, நீயும் கொஞ்சம் பாரு," என்றாள். இரண்டாவது கியரில் கிளச்சை விட்டாள். வண்டி குலுங்கியது, இருமியது, செத்தது. கால்வாய் தெரிந்தது. மறுபடி கிளச்சை மிதித்து விட்டாள். கால்வாயின் ஓரத்துப் புல் முன் கண்ணாடியை நிறைத்தபோது எஞ்சின் பிடித்தது. ஸ்டீரிங்கை ஒடித்துத் தோட்டத்துப் பாதையான செம்மண் சடக்கில் ஏற்றினாள்.

"இனி சிரம்பான் ஆஸ்பத்திரி வரைக்கும் நிறுத்த மாட்டேன். நிறுத்தினா அவ்ளோதான்," என்றாள்.

அம்மா தெளிவாகத்தான் பேசினாள். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றாள். அப்பாவுக்கு யாராவது சொல்லுங்கள் என்றாள். பெடாஸ் தாண்டிப் பெரிய சடக்கில் ஏறிய பிறகு என் கணுக்காலில் ஏதோ மெல்லத் தட்டியது. வண்டியின் ஆட்டம் என்று நினைத்தேன். மறுபடி தட்டியது. குனிந்து பார்த்தேன். சாக்கு மூச்சு விடுவது மாதிரி ஒரு பக்கம் உப்பி, அடங்கி, இன்னொரு பக்கம் உப்பியது.

என் கால்கள் எப்போது சீட்டுக்கு ஏறின என்று தெரியாது. அம்மாவின் கால்களையும் தூக்கி மேலே வைத்தேன். ஒரு கையால் சாக்கின் கழுத்தை, கட்டுக்கு மேலே, முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரப்பியா கயிறு நெகிழ்ந்திருந்தது. இன்னொரு கை அம்மாவின் தோளில்.

"என்னாடா கால தூக்கிட்ட?" ஸ்டெல்லாக்கா கண்ணாடியில் பார்த்தாள். கண்ணால் கீழே காட்டினேன். சன்னலுக்கு வெளியே வீசட்டுமா என்று தலையால் கேட்டேன்.

"பின்னால மோட்டாருங்க வருது," என்றாள் மெதுவாக. "எவன் மூஞ்சிலயாச்சும் வுழும். புடிச்சுக்க."

திரும்பிப் பார்த்தேன். செனாவாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறும் நேரம். சீருடை போட்ட பையன்கள் வரிசை வரிசையாக எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தார்கள். சாக்கைப் பிடித்தேன். உள்ளே இருந்தது திரும்பியது, கெட்டியாக, ஒரு கயிறு தானாகச் சுருண்டுகொள்வது போல. விரல்கள் மரத்தன.

அம்மாவின் இமைகள் கீழே இறங்க ஆரம்பித்தன. தூக்கம் இல்லை அது. இமையைத் தூக்க அவள் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடா," என்றாள்.

ஸ்டெல்லாக்கா கண்ணாடியில் ஒரு நொடி பார்த்தாள். உடனே அவளுடைய பெரிய குரல் வந்தது.

"லெச்சுமிக்கா! என் செவலக் கோழி என்னா ஆச்சு?"

"எந்தக் கோழி?" என்றாள் அம்மா.

"தெரியாத மாதிரி கேக்காத. தீவாளிக்கு முன்ன காணாமப் போச்சே, அது. ஒன் வூட்டுல அன்னிக்கிக் கொழம்பு வாசன லயமே மணந்துச்சு."

அம்மா நிமிர்ந்தாள். "என்னாடி பேசற? அது பாசார்ல வாங்குன கோழி!"

"பாசார் கோழிக்குச் செவப்பு றெக்க ஒன் வூட்டு வாசல்ல எப்படி வந்துச்சு?"

"ஏய், நாயி இழுத்துட்டு வந்ததுக்கு நான் பொறுப்பா?"

"நாயி மேல போடு. நல்லாப் போடு."

இப்படியே போனது. ஒரு விளக்கில் சிவப்பு விழுந்தது. ஸ்டெல்லாக்கா ஒரே பாதத்தைப் பாதி பிரேக்கிலும் பாதி பெட்ரோல் மிதியிலும் வைத்து எஞ்சினை அலறவிட்டாள். பக்கத்துக் காரில் ஒரு சீன அம்மா எங்களை வெறித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கோழிக்காக இரண்டு பெண்கள் நாறடித்துக்கொள்கிறார்கள், நடுவில் ஒருவன் சாக்கின் கழுத்தை நெரித்துக்கொண்டு அழுகிறான். ஆமாம், நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மாவின் சொற்கள் குழையத் தொடங்கியிருந்தன. 'கோழி' என்பது 'கோயி' ஆயிற்று. பிறகு வெறும் 'ஓ' மட்டும் வந்தது. ஸ்டெல்லாக்கா விடவில்லை.

"சொல்லு! சத்தியம் பண்ணிச் சொல்லு! வாயத் தொறந்து சொல்லு லெச்சுமிக்கா!"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை இல்லை என்று. அந்த ஆட்டத்தில் அவ்வளவு கோபம்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் ஏறி நின்றோம். ஸ்டெல்லாக்கா எஞ்சினை நிறுத்தாமலே ஹாரனை அழுத்தினாள். ஆட்கள் ஓடிவந்து அம்மாவைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். நானும் சாக்கோடு இறங்கினேன். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். என்ன அது என்று மலாயில் கேட்டார்.

"பாம்பு," என்றேன்.

"செத்ததா?"

"இன்னும் இல்லை."

அவ்வளவு வயதான மனிதர் அவ்வளவு தூரம் பின்னால் தாவியதை நான் பார்த்ததில்லை. பெரிய மூடி போட்ட குப்பைத் தொட்டிக்குள் சாக்கை இறக்கச் சொன்னார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து கொண்டுபோனார்கள். மருத்துவர், மலாய்ப் பெண், மறுநாள் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்: கைப்பேசியில் ஒரு படம் போதும் தம்பி. அதுவும் எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. பாம்பை அழைத்து வராதீர்கள்.

அம்மாவுக்கு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். கடைசிவரை விழித்திருந்ததும் நேரத்துக்கு வந்ததும் நல்லது என்றார்கள். குழாயை எடுத்த பிறகு, தொண்டை கரகரக்க அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவ எங்க? கோழி விசயம் பேசணும்."

அம்மாவைப் பார்க்க மறுபடி வந்திருந்த ஸ்டெல்லாக்கா அப்போது வெளியே இருந்தாள். டட்சன் வாசலிலேயே நின்றுபோய், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாத் தோட்டத்துக்காரர்களும் அறிவார்கள். நிலம் கை மாறியது. செம்பனை வெட்டி, மேட்டைச் சமப்படுத்தி, வரிசை வீடு கட்டினார்கள். கோயிலை ஒரு மூலைக்கு நகர்த்தினார்கள். ஸ்டெல்லாக்கா டட்சனோடு கெமாஸ் பக்கம் போனாள் என்றார்கள். பிறகு ஜொகூர் என்றார்கள். எங்களிடம் இருந்த அவளுடைய போன் எண்ணும் மாறிவிட்டது. நாங்கள் செனாவாங்கில் அடுக்குமாடியில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி பக்கம்தான். லிப்ட் வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு.

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். என் கார் பழுதுபார்க்கப் போமென் கடையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கைப்பேசியில் தட்டினேன், உடனே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. குளுகுளு, வாசனைத் திரவியம், சத்தமே இல்லாத எஞ்சின். ஓட்டியவன் சின்னப் பையன், தமிழ் தெரியாதவன். பெயரைச் சரிபார்த்துக்கொண்டதோடு சரி. பாதி வழியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் பயந்து தோளைத் தொட்டேன்.

"முழிச்சுதான் இருக்கேன்," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "இந்த வண்டியில யாரும் பேச மாட்டாங்களா?" என்றாள்.

அந்தப் பையன் கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்தான். குறை சொல்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.